நோட்பேடே போதும்

"பாத்து வரக் கூடாதாங்க?"

மாடிப்படியில் மோதிய வேகத்தில் கஸ்தூரியின் சிடி மழைத் தண்ணீரில் விழுந்துவிட்டது. எதிரே நின்றவன் குனிந்து எடுத்துச் சட்டை நுனியில் துடைத்தான்.

"கீறல் இல்லீங்க... படிக்கும்."

"படிக்கலைன்னா நீங்கதான் பதில் சொல்லணும்!"

சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளோடு மாடிவரை ஏறி வந்தது.

அது ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழிக்கான டூல்களெல்லாம் சிடியில் ஊர் வந்து சேர்ந்த காலம். செங்கம் ரோட்டில் பலராமனின் கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா எழுதுகிறவர்கள் ஞாயிறுதோறும் கூடுவார்கள். ஒருவர் டூலைக் காட்ட, மற்றவர்கள் அபிப்ராயம் சொல்ல வேண்டும். முகத்துக்காகப் புகழக் கூடாது... பார்க்காமல் பேசவும் கூடாது. பலராமன் போட்ட சட்டம் அது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் கஸ்தூரிதான் அங்கே ஒரே பெண். ஜாவா எழுத அவளே ஒரு எடிட்டர் செய்திருந்தாள். மூடாமல் விட்ட அடைப்புக்குறியைச் சிவப்பில் காட்டும். அந்தச் சிடியிலிருந்து அதைச் சென்டர் கம்ப்யூட்டரில் ஏற்றி, படபடப்போடு விளக்கினாள்.

"இளஞ்செழியா, நீ சொல்லுப்பா" என்றார் பலராமன்.

படியில் மோதியவன் திடுக்கிட்டு எழுந்தான். "கம்ப்யூட்டரோட சும்மா வர்ற நோட்பேடே போதும்னு தோணுதுங்க..."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் கண் கரித்தது. இனி இந்தப் படி ஏறுவேனா என்று கிளம்பியவள் பல ஞாயிறுகள் வரவே இல்லை. ஆனாலும் மழை வந்தால் படியில் பார்த்த அவன் சிரிப்பு ஞாபகம் வரும்... பாழாய்ப்போன மனசு!

சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள், பலராமனிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். ஞாயிறு, பௌர்ணமியும்கூட. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தூறலில் நடந்தே வந்தாள்.

பலராமன் டீ குடிக்கப் போயிருந்தார். வேறு யாரும் வரவில்லை... இளஞ்செழியனைத் தவிர. அடி அண்ணாமலையிலிருந்து நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தான். அவன் முன்னால் திரையில் அவளுடைய எடிட்டர்!

"நோட்பேட் என்ன ஆச்சுங்க?"

துள்ளி எழுந்தான். "இது இல்லாம இப்ப வேலையே ஓடலீங்க."

"அப்ப ஏன் அத்தினி பேர் முன்னால அப்படிச் சொன்னீங்க?"

"அன்னிக்கு... நான் ஸ்கிரீனப் பாக்கவே இல்லீங்க."

"பின்ன?"

"உங்களையே பாத்துட்டிருந்தேன். அண்ணன் திடீர்னு கேட்டாரு... வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். மன்னிப்பு கேக்கலாம்னு வாராவாரம் வரேன். நீங்கதான் வரல."

தெருவில் 'அரோகரா' என்று குரல் எழுந்தது. கஸ்தூரி தன் கோபத்தைத் தேடினாள்... காணோம்.

"நாளைக்கு மெட்ராஸ் போறேன். வேலைக்கு."

அவன் முகம் விழுந்துவிட்டது.

"பாக்காம சொன்னது தப்புதானே? இப்பப் பாத்துட்டு அபிப்ராயம் சொல்லுங்க."

"எடிட்டரப் பத்தியா?"

"அதான் சொல்லிட்டீங்களே..."

முதல்முறையாக அவள் கண்களை நேராகப் பார்த்தான். "புடிச்சிருக்குங்க. படியில மோதினப்பவே."

"எனக்கும்தான்" என்றாள், மழைக்கு மட்டும் கேட்கிற குரலில். ஆனால் அவனுக்குக் கேட்டுவிட்டது.

அந்தச் சிடி படிக்காமல் போய் வெகு நாளாகிறது. மழை பெய்தால் மட்டும் இளஞ்செழியன் அதை பீரோவிலிருந்து எடுத்துச் சட்டை நுனியில் துடைப்பான்.

"கீறல் இல்லீங்க" என்பான் மனைவியிடம்.