ஒரு விரல் புத்தகமும் மூன்று விரல் புத்தகமும்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனித குலம் இதுவரை கண்டிராத ஒரு மாபெரும் ஏற்பாடு நமது நூலகத்தில் நடந்தேறியுள்ளது. ஒட்டுப்போர்வை தைப்பது பற்றிய புத்தகங்கள் யாவும் அறிவியல் முறைப்படி மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. பச்சைச் சீட்டு தொடக்க நிலை. மஞ்சள் சீட்டு இடை நிலை. சிவப்புச் சீட்டு வல்லுநர் நிலை. வாசகர்கள் தத்தம் தகுதி அறிந்து எடுத்துச் செல்லவும். இப்படிக்கு, நூலகர்.

நூலக வாசலில் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பைத் துருவி நின்று படித்தாள். மனித குலத்தின் சார்பில் அப்போது அங்கே இருந்தவள் அவள் ஒருத்திதான். கூட ஒரு பூனை இருந்தது. அதற்கு எந்த நிலையிலும் அக்கறை இல்லை.

துருவி என்பது அவளுடைய நிஜப் பெயர் அல்ல. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி, அப்புறம் என்னாச்சு என்று சுரண்டிக்கொண்டே இருப்பாள் என்று வீட்டில் வைத்த பெயர். சமையலறையில் காரட் சீவுகிற சாமானுக்கும் அதே பெயர்தான். அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் கிடையாது. "அது காரட்டோட நிறுத்திக்கும்" என்பாள்.

அன்று அவள் வந்தது சித்திக்காக. சித்தி மாடியில் குடியிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அதற்குள் தன் கையாலேயே ஒரு ஒட்டுப்போர்வை தைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஒட்டுப்போர்வை என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, அழகாகச் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்தால் போர்வை. சித்தப்பாவின் நைந்த சட்டைகள், அம்மாவின் பழைய திரைச்சீலை, துருவிக்குச் சின்னதாகிப் போன மஞ்சள் கவுன் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஒரே ஒரு சிக்கல். சித்தி அதுவரை தைத்தது சட்டைப் பொத்தான் மட்டும்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி வாங்கிட்டு வா. வெட்கமே படாதே" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

வெட்கப்பட வேண்டியது சித்திதானே, நான் எதற்குப் படணும் என்று துருவிக்குத் தோன்றியது. பச்சைச் சீட்டு ஒட்டிய மெல்லிய புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு வாரம் போனது. சனிக்கிழமை காலை துருவி மாடிக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது.

"உள்ளே வராதே" என்றாள் சித்தி.

வராதே என்றால் துருவி வருவாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சித்திக்கும் தெரியும். அதனால்தான் தாழ் போடவில்லை.

கட்டிலில் துணித் துண்டுகள் இறைந்து கிடந்தன. சித்தியின் மூக்கு சிவந்திருந்தது.

"அழுதியா?"

"தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

சித்தி துணியைத் தூக்கிக் காட்டினாள். மூன்று சதுரங்களை வரிசையாகச் சேர்த்துத் தைத்திருந்தாள். அது பக்கத்தில் வைக்கிற நீளப் பட்டைக்குச் சமமாக வர வேண்டும். வரவில்லை. பட்டை ஓர் அங்குலம் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"புத்தகத்துல போட்டிருக்கிற அளவைத்தான் ஸ்கேல் வெச்சு அளந்தேன். ஒரு நூல் கூடத் தப்பலை. ஆனா சேர்த்தா சேர மாட்டேங்குது. எல்லாத் துண்டும் இப்படித்தான்."

"வேற புத்தகம் வாங்கிட்டு வரட்டுமா?"

"இதுக்குக் கீழே புத்தகமே கிடையாதுடி. இதுதான் முதல் படி. அதுலயே வழுக்கி விழுந்துட்டேன்." சித்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மூணு துணியை ஒண்ணா சேர்க்கத் துப்பில்லை. நான் போய் ஒரு குழந்தையை..."

துணிகளை அள்ளி ஒரு பையில் திணித்தாள்.

"கடையில ஒரு போர்வை வாங்கிக்கலாம். நீ இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. முக்கியமா உங்கம்மாகிட்ட. சிரிச்சே என் மானத்தை வாங்கிடுவா."

துருவி தலையாட்டினாள். பச்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அதைத் திறந்து பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் கட்டங்களும் எண்களும்தான் இருந்தன. எழுத்தையே காணோம். புதிதாகக் கற்பவரிடம் இவ்வளவு கம்மியாகவா பேசுவார்கள்?

தெருமுனையில் டெய்லர் மாமாவின் கடை. தையல் என்றால் அந்தத் தெருவில் அவர்தான். போன வாரம் சிவப்புச் சீட்டுப் புத்தகத்தை வாங்கி, சீட்டு வெளியே தெரிகிற மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேர் வழியில் வராமல் தெருவைச் சுற்றி வந்தவர். இன்று அந்தப் புத்தகம் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் குப்புறக் கிடந்தது.

"என்ன மாமா, வல்லுநர் புத்தகம் எப்படி இருக்கு?"

டெய்லர் தெருவை இரு பக்கமும் பார்த்தார். அவளைக் கடைக்குள் கூப்பிட்டார். புத்தகத்தை எடுத்து, குரலைத் தணித்துப் படித்தார்.

"'இது ஊசி. இதன் ஒரு முனை கூர்மையாக இருக்கும். விரலில் குத்திக்கொள்ளாதீர்கள்.' இதுக்கு நாலு பக்கம். படம் வேற. நான் எத்தனை வருஷமா ஊசி பிடிக்கிறேன். ஊசி எதுன்னு எனக்கே சொல்லித் தருது."

"அப்ப திருப்பிக் கொடுத்துடுங்க."

"எப்படிக் கொடுக்கறது? ரொம்பச் சுலபமா இருக்குன்னு சொன்னா எவன் நம்புவான்? டெய்லரால முடியலை, வாங்கின வேகத்துல திருப்பிட்டாருன்னு தெருவே பேசும். எதிர்க் கடைக்காரர்கிட்ட லேசா சொல்லிப் பார்த்தேன். 'ஆமா ஆமா, ரொம்பச் சுலபம்தான்'னு ஒரு சிரிப்பு சிரிச்சார் பாரு." டெய்லர் புத்தகத்தை மறுபடி கவிழ்த்து வைத்தார். "நீ யார்கிட்டயும் சொல்லாதே."

ஒரே காலையில் இரண்டு ரகசியங்கள். துருவிக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

ஆனால் ரகசியம் மனிதர்களைப் பற்றியதுதானே? புத்தகங்களைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தொடக்கநிலைப் புத்தகம் வாயையே திறக்கவில்லை. வல்லுநர் புத்தகம் ஊசியை அறிமுகம் செய்கிறது. எங்கேயோ என்னவோ இடிக்கிறது. துருவி நூலகத்துக்கு நடந்தாள்.

நூலகர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரில் ஒருவர் இருந்தாலும் ஒரு கூட்டம் இருப்பதாக நினைத்துத்தான் பேசுவார்.

"சார், இந்தப் புத்தகமெல்லாம் பிரிச்சது யாரு?"

"நான்தான். தனி ஒருவனாக. ஒரே மத்தியானத்தில்."

"எப்படி சார்?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் முகம் மலர்ந்தது. ஒரு புத்தகத்தை எடுத்து முதுகில் விரலை வைத்துக் காட்டினார்.

"ஒரு விரல் கனம்னா தொடக்க நிலை. ரெண்டு விரல் கனம்னா இடை நிலை. மூணு விரலும் அதுக்கு மேலயும் வல்லுநர் நிலை."

துருவி அந்த விரலையே பார்த்தாள்.

"உள்ளே படிச்சுப் பார்க்கலையா சார்?"

"கூடாது. உள்ளே படிச்சா ஒரு புத்தகத்து மேல பாசம் வந்துடும். நடுநிலை போயிடும்."

துருவி அலமாரிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். சிவப்புச் சீட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்தாள். முதல் பாடம், கத்தரியைப் பிடிப்பது எப்படி. அடுத்த பாடம், நூலில் முடிச்சுப் போடுவது எப்படி. அதற்கு அடுத்த பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று வரைந்திருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தது: 'துணி வெட்டும்போது சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். தைத்ததும் அது உள்ளே போய்விடும். பல புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். புதியவர்கள் அளவு சேராமல் தங்களுக்குக் கை வராது என்று அழுவார்கள். கை நன்றாக வரும். துணிதான் போதவில்லை.'

துருவி அந்த இடத்தை மறுபடி படித்தாள். பிறகு பச்சைப் புத்தகத்தைப் புரட்டினாள். கால் அங்குலம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் தெரிந்தவர்களுக்கு எழுதியது. அதனால்தான் அவ்வளவு ஒல்லி.

இப்போது வாசலுக்குப் போய் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். தெரு முழுக்க ஒரு வாரம் சிரிக்கும். ஆனால் வாசல் அறிவிப்பின் ஓரத்தில் நூலகர் கலர் பென்சிலால் பூக்கொடி வரைந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. கோணல் கொடிதான். ஆனாலும் ரொம்ப நேரம் எடுத்து வரைந்திருப்பார்.

செய்தித்தாளில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்தாள். அப்புறம் மேசைக்குப் போய் மெதுவாகக் கேட்டாள்.

"சார், ஒரு சந்தேகம். வல்லுநருக்குக் கத்தரி பிடிக்கத் தெரியாதா?"

நூலகர் புத்தகத்தை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார். இன்னொரு சிவப்பை எடுத்துவரச் சொன்னார். அப்புறம் ஒரு பச்சை. அவர் காது இரண்டும் சிவப்புச் சீட்டின் நிறத்துக்கு வந்தன.

"இது வெளியே தெரிஞ்சா..." என்றார். முதல்முறையாக ஒரே ஒருவரிடம் பேசுகிற குரல்.

"பசை மேல பழியைப் போட்டுடலாம் சார். சீட்டெல்லாம் கழண்டு விழுந்துடுச்சுன்னு."

"அது பொய்யில்லையா?"

"ஈரத் துணியால துடைச்சுடுவோம். நிஜமாவே கழண்டுடும்."

நூலகர் யோசித்தார். "பசை ஒண்ணும் நினைச்சுக்காது" என்றார்.

"ஆனா சீட்டு இல்லாம ஜனங்க எப்படிப் பார்த்து எடுப்பாங்க?" என்று உடனே கவலைப்பட்டார்.

"யாரு பெரிய ஆள்னு எழுத வேண்டாம் சார். உள்ளே என்ன கேக்குதுன்னு எழுதுவோம்."

அதற்கு உள்ளே படிக்க வேண்டும். இருவரும் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். குண்டுப் புத்தகங்களில் சில நிஜமாகவே கடினமாக இருந்தன. ஒல்லியில் சில பச்சைக் குழந்தைக்குக் கூடப் புரியும் போலிருந்தன. கனத்துக்கும் கஷ்டத்துக்கும் உறவே இல்லை. துருவி சொல்லச் சொல்ல நூலகர் புதுச் சீட்டு எழுதினார்.

'ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாதவரும் வரலாம்.'

'தையலுக்கு விட்டு வெட்டத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் புத்தகம் சொல்லித் தராது.'

'வளைவாக வெட்டத் தெரிய வேண்டும். கோபம் வரக் கூடாது.'

'படம் பார்க்க மட்டும்.'

ஒரு நட்சத்திர டிசைனில் நூலகர் வெகு நேரம் நின்றுவிட்டார். "இதை எப்படிச் சேர்த்திருப்பாங்க?" என்றார். துருவிக்கு அவரைப் பிடித்துப்போனது.

மறுநாள் வாசலில் புது அறிவிப்பு தொங்கியது. பசையின் தரக்குறைவால் விளைந்த எதிர்பாராத இடையூறு காரணமாக எல்லாப் புத்தகங்களும் உடனே திரும்ப வர வேண்டுமாம். டெய்லர் மாமா சிவப்புப் புத்தகத்தோடு வந்தார்.

"பிரமாதமாப் போயிட்டிருந்தது. பாதியில கேட்டுட்டாங்க" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வருத்தப்பட்டார். வருத்தப்படுகிறவர் அவ்வளவு வேகமாக நடந்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

பச்சையாக இருந்த ஒல்லிப் புத்தகத்தைத் துருவி அவரிடம் நீட்டினாள். நின்றபடியே புரட்டினார். அப்புறம் உட்கார்ந்தார். "அடேயப்பா, இதுல விஷயம் இருக்கே" என்றார்.

அலமாரியில் பார்த்த, அழுகிற முகம் போட்ட குண்டுப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு துருவி மாடிக்கு ஏறினாள். புதுச் சீட்டு முன்னால் தெரியும்படி கட்டிலில் வைத்தாள்.

"இவ்ளோ பெருசா? இது எனக்கு இல்லடி."

"அழுகிற முகம் போட்ட பக்கத்தை மட்டும் பாரு."

சித்தி படித்தாள். பையைக் கவிழ்த்துத் துணிகளை மறுபடி கட்டிலில் கொட்டினாள். தைத்த சதுரங்களின் மேல் நீளப் பட்டையை வைத்துப் பார்த்தாள்.

"நான் தையலுக்கே விடலையா?"

"அந்தப் புத்தகம் சொல்லவே இல்லை. நீ என்ன பண்ணுவே?"

"வெட்டினதெல்லாம் வீணா இப்ப?"

"பட்டை நீட்டிட்டு நிக்குதுல்ல, அந்த ஒரு இன்ச்சை வெட்டிடு. சரியா சேர்ந்துடும்."

"போர்வை சின்னதாயிடுமே?"

"குழந்தை மட்டும் என்ன, பெருசாவா வரப்போகுது?"

சித்தி சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து அம்மா, "என்ன அங்க?" என்று கத்தினாள். இருவரும் ஒன்றும் இல்லை என்றார்கள். சித்தி கத்தரியைக் கையில் எடுத்தாள்.

குழந்தை சொன்ன தேதிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்தது. போர்வை அதற்கும் முன்னாலேயே முடிந்திருந்தது. பார்க்க எல்லாரும் மாடிக்கு வந்தார்கள். டெய்லர் மாமா போர்வையின் மூலையை இழுத்துப் பார்த்தார். "தையல் அங்கங்க கோணல். ஆனா பிரியாது" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. சித்தி குழந்தையைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் இருந்தவர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

நூலகர் தொண்டையைச் செருமினார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

"இது வெறும் போர்வை அல்ல. முறையான வாசிப்பு ஈட்டிய மகத்தான வெற்றி. வருங்காலத் தலைமுறை இதை..."

குழந்தை போர்வையிலேயே ஒன்றுக்குப் போனது.