குடத்தில் பானகம்

சனிக்கிழமை மாலை நாலு மணி ஐந்து நிமிடம். வள்ளிமயில் குடத்தைத் தட்டினாள். 'சளப்' என்றது.

உள்ளே எட்டிப் பார்த்தாள். கழுத்துவரை பானகம். மேலே ஓர் எலுமிச்சை விதை மிதந்தது.

"யாருலே இந்த வேலையப் பாத்தது?"

மேடைக்குப் பக்கத்துக் கடலைமிட்டாய்க் கடையிலிருந்து ஒருவன் கரண்டியோடு நிமிர்ந்தான். நேற்றைய மழையில் கரிசல் மண் செருப்பில் அப்பி, அவனை அரையடி உயர்த்தியிருந்தது.

"நான்தான்... பேச்சிராஜா. விழாவுக்கு வாரவங்க தாகத்துக்கு. ஏன், இனிப்பு பத்தலையா?"

"இது வில்லுப்பாட்டுக் குடம்!"

"வைக்கோல் பிரிமணை மேல இருந்துச்சு. தண்ணிக்கொடம்னு நெனச்சேன்."

"பக்கத்துல அம்மாம் பெரிய வில்லு கெடக்கே. அது என்ன, தண்ணி மோந்து குடிக்கவா?"

அவன் வில்லைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பெரிய கண்கள்... தப்பு செய்தவனுக்கு இருக்கக்கூடாத கண்கள். திட்ட வந்தவள் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

கோவில்பட்டிப் பள்ளி மைதானத்தில் ஊர்க்கலை விழா. ஒரு பக்கம் ஒயிலாட்டம், ஒரு பக்கம் கம்மங்கூழ், மண்பாண்டக் கடை. ஐந்து மணிக்கு வில்லுப்பாட்டு. அப்பா தங்கச்சாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர் குடம் மட்டும் தட்டுவார். முதல்முறையாக அவளே பாடுகிறாள். ஓட்டப்பிடாரத்திலிருந்து கோவில்காரர்கள் கேட்க வந்திருந்தார்கள். பிடித்தால் அவர்கள் கோவிலின் பங்குனிக் கொடைவிழாவுக்கு அவள். பிடிக்காவிட்டால் வேறு செட்.

சித்தப்பா உக்கிரபாண்டி குடத்தைப் பார்த்தார்.

"சகுனமே சரியில்ல. நான் வாரேன்."

பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் பக்கத்திலிருப்பவர் 'ஆமா' போட வேண்டும். அதுதான் அவர் வேலை. பொம்பளைப் பிள்ளை பாட நான் ஆமா போடவா என்று ஒரு வாரமாக முறுக்கிக்கொண்டிருந்தவர். பானகத்தில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, தங்கள் ஊரான பசுவந்தனைக்கு பஸ் ஏறினார்.

ஆமா இல்லாத வில்லுப்பாட்டு பாகு சேராத கடலை. உதிர்ந்துபோகும். அவள் கண் நிறைந்துவிட்டது.

பேச்சிராஜா கரண்டியைப் போட்டுவிட்டு மண்பாண்டக் கடைக்கு ஓடினான். ஒவ்வொரு குடமாகச் சுண்டிக் காதை வைத்தான். ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பாகைத் தட்டுல போட்டு, சத்தம் கேட்டுத்தான் பதம் பாப்போம். 'ணங்'குன்னு கேக்கணும்."

அப்பா தட்டினார். ணங். தலையாட்டினார்.

"ஆமா போட ஆளு?" என்றாள் வள்ளிமயில்.

"நான் போடுதேன்."

"பழக்கம் உண்டா?"

"எங்கம்மாவுக்கு தெனமும் போடுதேன்."

வீசுகோல் வில்லில் விழுந்தது. மணிகள் சிணுங்கின. அவள் பாடினாள்.

"ராசாவுக்குப் பிள்ளையில்ல..."

"ஆமா!" என்றான், பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி.

கூட்டம் சிரித்தது. "சோகமா போடுங்க," என்று பல்லைக் கடித்தாள். அடுத்த ஆமாவுக்கு அவன் விம்மியே விட்டான். முன்வரிசைக் கிழவர் ஒருவர் நிஜமாகவே துண்டை எடுத்தார்.

அவளுக்கும் குறும்பு ஏறியது.

"குடம் எது, தண்ணிப்பானை எதுன்னு தெரியாத ஒரு புத்திசாலியும் அந்த ஊர்ல இருந்தான்..."

"ஆமா..." தலை கவிழ்ந்து சொன்னான். விசில் பறந்தது.

முடிந்ததும் கோவில்காரர் வந்தார். "பங்குனிக்கு வந்துரு தாயி. அந்த ஆமாப் பையனையும் கூட்டிட்டு வா."

"அவிய எங்க செட்டு இல்ல," என்றாள் வெடுக்கென்று. யாரோ ஒருவனால்தான் பாட்டு எடுபட்டது என்று ஆகிவிடக்கூடாது.

அதைக் கேட்ட பேச்சிராஜா கடைக்குத் திரும்பிப் போனான். கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டினான், செருப்பிலிருந்து. அரையடி குறைந்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. தூறல் விழுந்தது... வில்லை உறையில் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். அப்பா கடையைப் பார்த்துக் கையை நீட்டினார். போய்ப் பேசு என்றா, மிட்டாய் வாங்கு என்றா, தெரியவில்லை. போனாள்.

"ஒரு பாக்கெட் குடுங்க."

கொடுத்தான். "ஒண்ணு சொல்லணும். நான் சொல்லச் சொல்ல நீங்க ஆமா போடணும்."

"ம்... சொல்லுங்க."

"கோவில்பட்டியில ஒருத்தன் மிட்டாய் போடுதான்."

"ஆமா."

"அவனுக்கு மூளை கொஞ்சம் மட்டு."

"ஆமா!" மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது.

"கொடத்துல பானகத்த ஊத்தலைன்னா, அந்தப் பிள்ள அவனை ஏறெடுத்தும் பாத்திருக்காது."

"ஆமா..." மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

அவன் கல்லாப்பெட்டியை மூடினான்.

"வார ஞாயித்துக்கெழம எங்கம்மாவக் கூட்டிட்டு பசுவந்தனைக்கு வாரேன்... நீங்க வீட்ல இருப்பீங்களா?"