பதினேழாம் பதிவுடல்

பதினேழாம் பதிவுடலை முப்பத்தொன்பது பேர் காப்பாற்றியாகிவிட்டது. இன்னும் ஒருவர் காப்பாற்றினால் அது அழிக்கப்படும்.

விதி அப்படி. அறுவை மேசையில் இறந்தவர்களின் கடைசி ஒரு மணிநேரத்தை, நாடித்துடிப்பு முதல் ரத்தக்கசிவு வரை, கருவிகள் பதிந்து வைத்திருந்தன. பயிற்சி மருத்துவர்கள் எங்கோ ஓர் ஊரில், தொடுவுணர்வு தரும் உணர்கையுறை மாட்டிக்கொண்டு அந்த உடலை மீண்டும் அறுத்துத் தைத்தார்கள். தொடர்ந்து நாற்பது பேர் காப்பாற்றிவிட்ட உடலில் கற்க ஒன்றுமில்லை. சேமிப்பகத்தில் அதற்கு இடமுமில்லை.

இந்தத் தொலைப்பயிற்சி உண்மையில் பயன் தருகிறதா என்று தூத்துக்குடியில் மூன்று வருடமாக ஆராய்ந்துவந்தாள் டாக்டர் ரெஜினா. முதல் வருடம் பத்துப் பேரில் எட்டுப் பேர் பதினேழைச் சாகவிட்டார்கள். இப்போது யாரும் விடுவதில்லை.

"நாப்பதாவது ஆளும் தேறிட்டா உங்க ஆராய்ச்சிக்கு மாலை, பதினேழுக்குப் பாடை" என்றார் புள்ளியியலாளர் சுடலைமுத்து. பதிவுகளில் பெயர் கிடையாது. லாரி மோதிக் கல்லீரல் கிழிந்து செத்த அந்தப் பதினேழு, ரெஜினாவின் கணவன் சேவியர் என்பது அவருக்குத் தெரியாது.

மயக்கம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நிமிடமும் பதிவில் இருந்தது. "சிஸ்டர், செருப்பு புதுசு, பாத்து வைங்க" என்பான் சேவியர். அதைக் கேட்கத்தான் ஒவ்வொரு பயிற்சிக்கும் ரெஜினா வந்து உட்கார்ந்தாள். பிரதி எடுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

நாற்பதாவது ஆள் கீழக்கரையிலிருந்து மும்தாஜ். நிஜ அறுவை அரங்கை அவள் பார்த்ததே இல்லை. கல்லீரலுக்குப் பின்னால் ரத்தம் பீறிட்டதும் அவள் கை தயங்கியது. தவறட்டும் என்று வேண்டிக்கொண்டாள் ரெஜினா. புருஷன் இன்னொரு முறை சாக வேண்டும் என்று கேட்கிறோம் என்பது அடுத்த கணம்தான் உறைத்தது.

கை தவறவில்லை. கசிவு நின்று நாடி ஏறியது. பழகிய கை ஒன்று அன்று பக்கத்தில் இருந்திருந்தால் சேவியர் பிழைத்திருப்பான் என்று நாற்பது பேர் நிரூபித்துவிட்டார்கள். சுடலைமுத்து அழிப்பு ஆணையை அவள் கையெழுத்துக்கு அனுப்பினார்.

மும்தாஜ் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

"மேடம், முடிஞ்சதும் வெளிய போய் வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லணுமாமே. எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரலை. யார்கிட்ட சொல்லிப் பழகுறது?"

"எங்கிட்ட சொல்லுங்க."

மும்தாஜ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பயப்படாதீங்கக்கா. உங்க வீட்டுக்காரரு பிழைச்சிட்டாரு."

"எப்பப் பாக்கலாம்?" என்று கேட்டாள் ரெஜினா.

"கண்ணு முழிச்சதும் கூப்பிடுறோம்" என்றாள் மும்தாஜ், நிஜ டாக்டரைப் போலவே.

ரெஜினா தலையாட்டிவிட்டு ஆணையில் கையெழுத்திட்டாள்.