விரிசல் விட்ட வீடு

ஊத்தங்கல்லில் விரிசல் இல்லாத வீட்டோடு யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்கு முன்னால் சுவரைப் பார்த்தார்கள். கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு பிளவு ஓடி, அதற்குள் மஞ்சளாக ஏதாவது மின்னினால்தான் பஜ்ஜித் தட்டில் கை வைப்பார்கள்.

எல்லாம் நடுக்கி வந்த பிறகு ஏற்பட்ட வழக்கம். ஊர்க்கோடியில், பாறைக்குள் பல கிலோமீட்டர் இறங்கிய ஆழ்துளையின் மேல் அந்த இயந்திரம் உட்கார்ந்திருந்தது. தினமும் காலையில் சங்கு ஊதும். உடனே நடுக்கி பூமியை ஒரு உலுக்கு உலுக்கும். அடியில், பாறைக்குழம்பை ஒட்டிக் கொதிக்கும் நீரில் தங்கம் கரைந்திருக்கிறது. தங்கம் தனியாக ஊர் சுற்றாது. கந்தகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பும். உலுக்கலில் விரிசல் விரியும்போது அழுத்தம் சட்டென்று குறையும், நீர் ஆவியாகும், கந்தகம் தோளை உதறிவிட்டு ஆவியோடு போய்விடும். கைவிடப்பட்ட தங்கம் படிகக்கல்லோடு சேர்ந்து அந்த விரிசலிலேயே படிந்துவிடும். மலைகளுக்குள் காலங்காலமாக நடந்துவந்த இந்தக் காரியத்தை ஊத்தங்கல்காரர்கள் கிளைக்குழாய் போட்டு அவரவர் வீட்டுக் கடைக்காலுக்கு இழுத்துவந்துவிட்டார்கள்.

தெருவெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். வெளியூர்க்காரர் யாராவது மூக்கைப் பொத்தினால் வயிற்றெரிச்சல் என்பார்கள். சுவர்கள் எப்போதும் இளஞ்சூடாக இருந்ததால் மழைக்காலத்தில் துணி காயப்போட வசதியாக இருந்தது. இத்தனைக்கும் ஒருவரும் இதுவரை ஒரு துணுக்குத் தங்கம்கூட வெட்டி எடுத்ததில்லை. நாளைக்கு இன்னும் கொஞ்சம் தடிக்கும் என்று தெரிந்தால் இன்றைக்கு யாருக்கு வெட்ட மனம் வரும்?

இந்த ஊரில் நிம்மதி இல்லாத ஒரே மனிதர் இன்ஜினியர் மாதேசன். அவர் தனக்கென்று கட்டிய வீடு விரிசல் விட மறுத்தது. நடுக்கி உலுக்கும்போது தெருவே கைதட்டும். அவர் வீடு மட்டும் கல்லுளிமங்கன் போல நிற்கும். ஒருகாலத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே அவர் பெருமையடித்திருக்கிறார். இப்போது அவருடைய மகள் யாழ்விழிக்கும் எதிர்வீட்டு உரக்கடை வேடியப்பனின் மகன் புகழுக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. பெண் கேட்டு வந்த வேடியப்பன் பிளவளவியைச் சுவர் முழுக்க வைத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை.

"ஏன் இன்ஜினியரே, ஒரு மயிரிழைகூட இல்லியே? பொண்ணு தங்கமான பொண்ணுதான், இல்லேங்கல. ஆனா நாளைக்கு நாலு பேரு வந்தா எதைக் காட்டுவேன்?"

"என் வேலை அப்படிண்ணே. சிமென்ட்டுல நான் கை வைச்சா அசையாது."

"அப்ப அசையறப்ப சொல்லி அனுப்புங்க" என்று வேடியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

யாழ்விழி அன்று சாப்பிடவில்லை. "ஊருல இருக்கறவங்கல்லாம் வீடு கட்டல? ஒரு விரிசல் விடத் தெரியாம நீ என்னப்பா இன்ஜினியரு?" என்று கேட்டுவிட்டு அழுதாள். மாதேசனுக்கு அது நெஞ்சில் தைத்தது. மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கூடத்துத் தூணுக்குள் இருந்த கம்பியைத் தன் கையாலேயே அறுத்தார். அறுக்கும்போது அவருக்கும் அழுகை வந்தது. அப்படி ஒரு கலவை அவர் வேறு யாருக்கும் போட்டதில்லை.

அடுத்த சங்குக்கே கூரையிலிருந்து தரைவரை ஒரு பிளவு பளிச்சென்று விழுந்தது. தெருவே ஓடிவந்து பார்த்தது. யாழ்விழி எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். சில வாரங்களில் பிளவுக்குள் மஞ்சள் கோடு ஓடியது, கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

தாலிக்குத் தங்கம் மாப்பிள்ளை வீட்டுச் சுவரிலிருந்து வர வேண்டும் என்று பேச்சு. ஊரில் முதன்முதலாக ஒரு விரிசலில் கை வைக்கப்போகிறார்கள். வேடியப்பன் உளியையும் சுத்தியலையும் மாதேசனிடம் பெருமையாக நீட்டினார்.

"கால் பவுன் போதும் சம்பந்தி. ரொம்பப் பேத்துடாதீங்க."

மாதேசன் ஒரு தட்டுத் தட்டினார். மேலே எங்கோ கதவு திறப்பதுபோல் கிறீச்சென்றது. இரண்டாவது தட்டுக்குக் கூரையிலிருந்து ஒரு காரைத்துண்டு வந்து வேடியப்பனின் காப்பியில் விழுந்தது. மாதேசன் உளியைக் கீழே வைத்துவிட்டு, பிளவுக்குப் பக்கத்துச் சுவரில் விரலால் அழுத்தினார். விரல் ரவா உப்புமாவில் போவதுபோல் உள்ளே போனது.

"சம்பந்தி, இந்தத் தண்ணி தங்கத்தை மட்டும் கொண்டாரல. வர்ற வழியில சிமென்ட்டு, கம்பி எல்லாத்தையும் அரிச்சுத் தின்னுடுச்சு. இப்ப உங்க வீட்டுல சுவருன்னு நிக்கிறது இந்தத் தங்கமும் படிகமும்தான்."

"எடுத்தா?"

"கூரை நம்ம தலையில."

"அப்ப அந்த நடுக்கிய நிறுத்தித் தொலைங்கய்யா!"

"நிறுத்தினா அரிக்கிறது நிக்காது, படியறது நின்னுடும். நடுங்கினாத்தான் புதுசு படிஞ்சு புடிச்சுக்கும். தினம் நடுங்கித்தான் ஆகணும்."

வேடியப்பன் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அவரவர் உளியை எடுத்து அவரவர் சுவரில் தட்டிப் பார்த்தார்கள். இரண்டு மாடிப்படியும் ஒரு பூஜை அறையும் விழுந்த பிறகு நம்பினார்கள். இரவுக்குள் சுற்றுவட்டாரத்தில் முட்டுக் கொடுக்க ஒரு சவுக்குக் கம்புகூட மிச்சமில்லாமல் தீர்ந்துபோனது.

கல்யாணத்தை வெளியே பந்தல் போட்டு நடத்தலாம் என்று புகழ் சொன்னான். மாதேசன் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் வெளியே போய்விட்டால் சங்கு நேரத்தில், முட்டுக் கம்பு கிடைக்காத தன் வீட்டை யார் தாங்குவது? புதுத் தங்கம் படிந்து இறுகும்வரை சுவரைப் பிடித்துக்கொள்ளக் கைகள் வேண்டும். முகூர்த்தமோ சரியாகச் சங்கு நேரத்தில். ஆகவே மாதேசன் வீட்டுக் கூடத்திலேயே மணவறை. வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே சந்தனம் கொடுத்து, எந்தச் சுவர் என்று சொல்லி உள்ளே அனுப்பினார்கள்.

மின்னும் பிளவுக்கு முன்னால், மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்துக்கொண்டு புகழ் தயாராக உட்கார்ந்திருந்தான். யாழ்விழி தலை குனிந்தாள். சங்கு ஊதியது, பூமி குலுங்கியது, மேளக்காரர்கள் மேளத்தைப் போட்டுவிட்டு ஜன்னலைத் தாங்கப் போனார்கள். வேடியப்பன் கன்னத்தைத் தங்கத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று வாயாலேயே கத்தினார்.

மூன்றாவது முடிச்சு விழுந்தது. தட்டு நிறைய அட்சதை அப்படியே இருந்தது. யாழ்விழி நிமிர்ந்து சுற்றிலும் முதுகுகளையே பார்த்தாள்.

"அப்பா! அட்சதை?"

தான் அறுத்த தூணை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்த மாதேசன் திரும்பாமலே சொன்னார்: "அங்கிருந்தே நல்லா இரும்மா! கையை எடுத்தா வீடு வந்துரும்!"