பாஸ்கா காலையும் அம்மாவின் செருப்பும்

அற்புதசாமி வீட்டுப் பிள்ளைகள் தெருவில் ஓடமாட்டார்கள். யாராவது கூப்பிட்டால் நின்று, திரும்பி, "சொல்லுங்க" என்பார்கள். பொன்மலை ரயில்வே காலனிக்கே இது தெரியும்.

ஆனால் 1957-ஆம் வருடம் பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாள் காலையில் பதினொரு வயது செசிலி ஓடினாள். ஐந்து வயதுத் தம்பி ராயப்பனைக் காணவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த அம்மாவின் செருப்பையும் காணவில்லை.

அம்மா தை மாதம் இறந்துபோயிருந்தார்.

"பூசைக்கு ஊரே வரும். அற்புதசாமி மகன் எங்கேன்னு கேட்டா நான் எந்த முகத்தோட பதில் சொல்றது?" என்று அத்தை புலம்பினாள். அப்பா கஞ்சி போட்ட சட்டையோடு ஸ்டேஷன் பக்கம் தேடிப் போனார்.

செசிலிக்கு வேறொன்று நினைவு வந்தது. முந்தின நாள் ஞானோபதேச வகுப்பில், சேசு சாமி உயிர்த்தது போல இறந்தவர்கள் எல்லோரும் எழுந்து வருவார்கள் என்றார் சிஸ்டர். ராயப்பன் எழுந்து நின்று, "வெறுங்காலோடயா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் காவல்காரர் வீரமலை பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"உன் தம்பி உள்ளதான் இருக்கான் பாப்பா. நானும் இருபது வருஷமா இந்தக் கேட்டைப் பாக்குறேன். உள்ள இருக்கிறவங்களுக்குச் செருப்புக் கொண்டு வந்தது அவன் ஒருத்தன்தான்!"

உள்ளே வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. வேப்பம்பூக்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. வெள்ளைச் சிலுவைகள் பால் நிறத்தில் மிதப்பது போலிருந்தன. தூரத்தில் மலைக்கோட்டை, யாரோ நீலப் புகையால் வரைந்து வைத்தது போல நின்றது.

அம்மாவின் கல்லறை ஓரத்தில் ராயப்பன் உட்கார்ந்திருந்தான். செருப்பு இரண்டும் வாசலைப் பார்த்து நேராக வைக்கப்பட்டிருந்தன.

"அக்கா, சத்தம் போடாதே. அம்மா எழுந்திருக்கிற நேரம். இங்க நெருஞ்சி முள் நிறைய இருக்கு. அம்மாவுக்குக் குத்தும்."

 அம்மா வருவார் என்பது உண்மை. இன்றைக்கு வருவார் என்பது உண்மையில்லை. இரண்டையும் ஒரு சின்னப் பையனிடம் எப்படிச் சொல்வது? செசிலி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சுவருக்கு அப்பால் ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாகப் போயிற்று. எஞ்சின் புகை விட்டபடி மரங்களுக்குள் மறைந்தது. பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன.

"ராயப்பா, எஞ்சின் எங்கே?"

"அது போயிருச்சு."

"கடைசிப் பெட்டி?"

"இன்னும் வரல."

"வராமலே போயிருமா?"

ராயப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "எப்படிக்கா வராமப் போகும்? கொக்கி மாட்டியிருக்குல்ல!"

"அதே மாதிரிதான் ராயப்பா. சேசு சாமிதான் எஞ்சின். அவர் முதல்ல எழுந்துட்டாரு. அதுக்குத்தான் இன்னிக்குப் பாஸ்கா. அம்மா, அப்பா, நீ, நான் எல்லாரும் அவரோட கொக்கி போட்ட பெட்டிங்க."

"அத்தை?"

"அத்தையும்தான்."

ராயப்பன் யோசித்தான். "அத்தை கார்டு வண்டி. பின்னாலேருந்து கொடி காட்டிக்கிட்டே வருவாங்க."

செசிலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவன் முகம் சுருங்கியது.

"நம்ம பெட்டி வர்றதுக்குள்ள நான் பெரிசாயிட்டா? மீசை முளைச்சிட்டா? அம்மாவுக்கு என்னைத் தெரியாமப் போயிடுமே அக்கா!"

இதற்காகத்தான் அவன் விடியுமுன்பே வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அப்போதுதான் செசிலிக்குப் புரிந்தது. அவள் அவனை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நீ வயித்துக்குள்ள இருந்தப்ப அம்மா உன்னைப் பாத்ததே இல்ல. ஆனா நீ உதைச்சா, 'என் ராயப்பன் முழிச்சிட்டான்'னு சொல்லுவாங்க."

"பாக்காமலேயா?"

"பாக்காமலேதான்."

"பொம்பளைப் பிள்ளையா இருந்தா?"

"நானும் கேட்டேன். 'என் பிள்ளை எனக்குத் தெரியாதாடி'ன்னு காதைத் திருகினாங்க."

ராயப்பன் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். கடைசிப் பெட்டியும் போய்விட்டது. கோயில் மணி அடித்தது. அவன் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டு, செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டான்.

"வா அக்கா, பூசைக்கு நேரமாச்சு."

கோயில் வாசலில் அப்பா நின்றிருந்தார். அத்தையும் நின்றிருந்தாள். உள்ளே அல்லேலூயா பாடத் தொடங்கிவிட்டார்கள். படிக்குக் கீழே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன.

"எங்கடா போனே? நம்ம குடும்ப மானமே..." என்று அத்தை தொடங்கினாள்.

ராயப்பன் குனிந்து, அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் அம்மாவின் செருப்பை வைக்கப் போனான். இடம் போதவில்லை.

அப்பா வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அத்தை காலால் தன் செருப்பைச் சற்றுத் தள்ளி, இடம் விட்டாள்.