அவிழ்க்காத சிவப்பு மூட்டை

"அய்யய்யோ... போச்சே!"

காலை பத்து மணிக்கு அந்த அலறல் கேட்டபோது, ராமநாதபுரம் ஜவுளி வரலாற்று நூலகத்தில் மொத்தம் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த நூலகத்துக்கு அது நல்ல கூட்டம்!

அலறியவர் உக்கிரபாண்டி. கமுதிப் பக்கத்துப் பருத்தி வியாபாரப் பெரும்புள்ளி. நூலகத்தின் நிறுவனர். திறப்பு விழாவுக்குப் பிறகு போட்டோ எடுக்க மட்டும் வருகிறவர்.

இன்ஸ்பெக்டர் யுவராணி ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் உக்கிரபாண்டி தீர்ப்பையே எழுதிவிட்டார்.

"இருநூறு வருசத்துப் புத்தகம் மேடம்! கப்பல்ல போன துணியையெல்லாம் துண்டு துண்டா ஒட்டி வச்ச சாம்பிள் புத்தகம். அலமாரியில காணோம்! சாவி இவகிட்டதான் இருக்கு. தூக்கி உள்ள போடுங்க!"

'இவ' என்பது நூலகர் ஃபஸீலா. ஆறு வருடமாக அந்தத் துணிகளின் இழைகளை எண்ணி எண்ணியே கண்ணாடி போட்டவள்.

"மேடம், அந்தப் புத்தகம்..."

"பேசாத!"

"அய்யா, நான் சொல்றத..."

"வாயத் தொறந்த... அம்புட்டுத்தான்!"

ஃபஸீலாவை நம்பித்தான் கீழக்கரைக் குடும்பம் ஒன்று அந்தப் புத்தகத்தை நூலகத்துக்குத் தானமாகக் கொடுத்திருந்தது. திருடி என்று பெயர் வந்தால் இனி எந்த முகத்தோடு ஊருக்குள் போவாள்?

"சார், கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள் யுவராணி. "நீ சொல்லும்மா."

"புத்தகம் இங்கனதான் இருக்கு மேடம். பின் ரூம்ல... மீன் பெட்டிக்குள்ள!"

"என் லைப்ரரியில மீன் பெட்டியா?"

"வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே நீங்கதான்யா!"

பின்னறையில் மீன்கடையில் வாங்கிய பழைய ஃப்ரீசர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. யுவராணி மூடியைத் தூக்கினாள். பிளாஸ்டிக் உறைக்குள் புத்தகம் பத்திரமாக இருந்தது!

"பூச்சி விழுந்துருச்சு மேடம். பதினஞ்சு நாள் உறைய வச்சா முட்டையோட செத்துரும். துணி லைப்ரரியில இதான் வழக்கம்."

"அப்ப அலமாரியில இருந்து காணாமப் போனது?"

"டம்மி! அடுக்கு சரிஞ்சிராம இருக்க, அதே அளவுல வேற ஒரு புத்தகத்த அதே மாதிரி சிவப்புத் துணியில கட்டி வச்சேன். உள்ள சீட்டும் வச்சேன்... 'ஒரிஜினல் ஃப்ரீசரில்'னு."

புத்தகம் கிடைத்த சந்தோஷத்தில் உக்கிரபாண்டி துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் மனிதர் பேயறைந்தவர் போல நின்றார்!

அவருடைய செல்போன் அடித்தது. கட் செய்யப் போனவரிடமிருந்து யுவராணி பிடுங்கி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"யோவ் பாண்டி! நேத்து நீயே கொண்டாந்து குடுத்தியேன்னு நம்பிக் காசு குடுத்து வாங்குனேன்யா! மூட்டைய அவுத்துப் பாத்தா... ஸ்கூல் யூனிஃபார்ம் சாம்பிள்! சீட்டு வேற வச்சிருக்க... 'ஒரிஜினல் ஃப்ரீசரில்'னு. நக்கலா?"

"ஊர்ச் சொத்த வித்தது நீங்க..." யுவராணி விலங்கை எடுத்தாள். "உள்ள போறது இந்தப் பொண்ணா?"

உக்கிரபாண்டியின் கையில் விலங்கு ஏறியது.

இப்போது ஃபஸீலாவைப் பேசாதே என்று சொல்ல ஆளில்லை.

"ஆறு வருசத்துல நீங்க கையில எடுத்த மொத புத்தகம்யா... அதையாவது தொறந்து பாத்திருக்கக் கூடாதா?"