இறங்கச் சொன்ன படகு

வழியனுப்ப வந்த தம்பி, படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏற்கெனவே இதுல ஒருத்தர் தனியாப் போனாரு. படகு மட்டும்தான் திரும்பி வந்துச்சு. தெரியும்லக்கா?”

“தெரிஞ்சுதான்டா வாங்கினேன். கயித்தை விடு.”

ஐசியூ நர்ஸாகவே தலை நரைத்தவள் அவள். வார்டில் மணி அடித்தால் ஓட வேண்டும். வீட்டில் போன் அடித்தாலும் ஓட வேண்டும். யாரும் கூப்பிட முடியாத இடம் ஒன்று வேண்டும் என்றுதான் பாய்மரப் படகு ஓட்டவே கற்றுக்கொண்டாள்.

கரை மறைந்ததும் உடம்பே லேசாகிப் போனது. சட்டியிலிருந்தே அள்ளிச் சாப்பிட்டாள். சுருதியில்லாமல் உரக்கப் பாடினாள். ஏன் என்று கேட்க ஆளில்லை.

மறுநாள் காற்று செத்தது. கடல் எண்ணெய் போலப் பளபளத்துக் கிடந்தது. பாய் துவண்டு தொங்கியது.

கீழே அறைக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

வேண்டாத விருந்தாளியைக் கண்டு சலித்துக்கொள்ளும் பெருமூச்சு.

இறங்கிப் பார்த்தாள். யாருமில்லை. ஈரத்துணி அழுகிய வாடை மட்டும் இருந்தது. மெத்தையில் ஓர் ஆள் படுத்தெழுந்த பள்ளம். தொட்டால் சில்லென்று நீர் கசிந்தது. எத்தனையோ சாவைப் பார்த்தவள். பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

“இங்கயுமா?”

மேலே வந்தால், இறுக்கிக் கட்டியிருந்த சுக்கான் அவிழ்ந்து, படகு கரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திருப்பிக் கட்டினாள். அவிழ்ந்தது. மறுபடி கட்டினாள். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

“என்னதான்யா வேணும் உனக்கு?” என்று கத்தினாள்.

காதருகே குளிர்ந்த மூச்சு பட்டது.

“இறங்கு.”

சுற்றிலும் தண்ணீரைத் தவிர வேறொன்றுமில்லை.

“இது என் படகு!”

“நான் தனியாப் போகணும். இறங்கு.”

முதுகில் ஓர் ஈரக் கை பதிந்தது.

தள்ளியது.

பாய்மரத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறுகையால் இடுப்பில் செருகியிருந்த ரேடியோவை எடுத்து உதவி கேட்டாள். கேட்கும்போது பயத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. மீன்பிடிப் படகு ஒன்று வந்து சேரும்வரை அந்தக் கை ஓயவில்லை.

“உங்க படகையும் கட்டி இழுத்துக்கலாம்மா,” என்றார் படகுக்காரர்.

“வேண்டாம். விட்டுடுங்க.”

மீன்பிடிப் படகில் ஏறியதும், அவர் தந்த போர்வைக்குள் முகம் புதைத்து, ஆத்திரம் தீர அழுதாள். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லையே! இனி மறுபடியும் அதே மணி, அதே போன்.

“காத்தே இல்ல, பாய் எப்படிப் புடைக்குது?” என்று முணுமுணுத்த படகுக்காரர், தொலைவில் விலகிப்போகும் அந்தப் படகை நோக்கிக் கையை உயர்த்தி ஆட்டினார்.

“அந்த ஐயா உங்களுக்குத்தான் கை காட்டுறாரும்மா. நீங்க ஏன் திரும்பியே பார்க்க மாட்டேங்கிறீங்க?”